கிளிப்பச்சை வீடும் ஒரு சூரை மீனும்

மதுரையில் எனக்கு ஒரு பெயிண்ட் கடை. கலர் விஷயத்தில் சொக்கலிங்கத்திடம் வாய் கொடுக்காதே என்று எங்கள் வீதியில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட நான், ஒரு கம்பெனிக்காரனின் பேச்சில் மயங்கி, கிளிப்பச்சையில் அறுபது டப்பா எடுத்துத் தொலைத்தேன். மூன்று வருஷமாக ஒரு டப்பா நகரவில்லை. வருகிறவர்கள் கலர் அட்டையைப் பார்ப்பார்கள், "இதை யாருண்ணே வீட்டுக்கு அடிப்பாங்க?" என்று சிரிப்பார்கள், சந்தனக் கலரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெயிண்ட் என்னவோ முதல் தரம். வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் சிவபாதத்திடமிருந்து கடிதம் வந்தது. அவனும் நானும் மதுரையில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவர்கள். இப்போது அவன் உடுப்பிட்டியில் கணக்கு வாத்தியார். வீடு பருத்தித்துறைப் பக்கம், கடலோரம், மாடி வைத்தது. மகளுக்குக் கல்யாணம், நீ வராவிட்டால் நடக்காது, வீட்டுக்கு வெள்ளை அடிப்பது ஒன்றுதான் பாக்கி என்று எழுதியிருந்தான்.

வெள்ளையா? நான் உயிரோடு இருக்கும்போதா? பத்து டப்பா கிளிப்பச்சையைக் கயிறு போட்டுக் கட்டினேன். என் மனைவி மட்டும், "கல்யாண வீட்ல போய் உங்க சரக்கைத் தள்ளிவிடாதீங்க, பாவம்" என்றாள். நட்புக்குத் தரும் பரிசை இப்படிக் கொச்சைப்படுத்துகிறாளே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அக்கரையில் கப்பலை விட்டு இறங்கியதும் சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு அதிகாரிகள் என் டப்பாக்களைச் சுற்றிச் சுற்றி வந்து சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற புகையிலை வியாபாரியிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "சுகபுத்தியோடை இருக்கிற ஒருத்தனும் இவ்வளவு பச்சையைக் கடல் தாண்டிக் கொண்டுவரமாட்டான், உள்ளுக்கு வேறை ஏதோ இருக்கு எண்டு சொல்லினம்" என்றார். ஒரு டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிப் பார்த்தார்கள். உள்ளேயும் பச்சைதான். மூத்த அதிகாரிக்கு ஏமாற்றம் தாங்கவில்லை, மூடியைச் சரியாக அழுத்தாமல் போய்விட்டார்.

அதன் பலனை யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போன தட்டிவானில் அனுபவித்தேன். தட்டிவான் என்பது பாதி லாரி, பாதி மாட்டுவண்டி. பின்பக்கம் ஒரு பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்டு, அதன்மேல் வெங்காய மூட்டை, சைக்கிள், வாழைக்குலை எல்லாம் ஏற்றுகிறார்கள். என் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுக்கிடாயைக் கட்டியிருந்தார்கள். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. திரும்பிப் பார்த்தால் கிடாயின் இடது காது கிளிப்பச்சை. நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆட்டுக்காரர் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லைத் தம்பி. இனி உவனை ஒருத்தரும் களவெடுக்க ஏலாது" என்றார். எங்கள் ஊராக இருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும்.

சிவபாதம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மச்சான், வந்திட்டியோ!" என்றான். தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் மட்டும் அதே விடுதிக் குரல். அவன் மனைவி புவனேஸ்வரி என்னை அண்ணை என்று கூப்பிட்டாள், நான் தங்கச்சி என்றேன், அதற்குப் பிறகு சாப்பாட்டில் எனக்கு விடுதலையே இல்லை. காலையில் இடியப்பமும் சொதியும். பத்து மணிக்குப் பாண் என்கிற ரொட்டியும் சம்பலும். மத்தியானம் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு. ராத்திரி புட்டு, அதை மாம்பழத்தோடு பிசைந்து சாப்பிடச் சொன்னார்கள். மாம்பழத்தோடா என்று முகம் சுளித்தவன் மூன்று முறை கேட்டு வாங்கினேன். மிளகாயில் மட்டும் அவர்களுக்கு இரக்கம் என்பதே கிடையாது. கண்ணில் நீர் வழிந்தபோது, பழைய நினைவுகளில் அழுகிறேன் என்று நினைத்துச் சிவபாதமும் அழுதான்.

இரண்டு நாளில் வீட்டைப் பச்சையாக்கினோம். நானே சாரத்தை, அங்கே லுங்கிக்கு அதுதான் பெயர், மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். சுற்றிலும் பனங்கூடல், எங்கே பார்த்தாலும் பனைமரம், நடுவே கிளிப்பச்சை மாடி வீடு. தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் கலருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் மரியாதை.

முதல் நாளே ஒருவர் படலைக்கு, அதாவது வாசல் கதவுக்கு, வெளியே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கறுத்து இறுகிய உடம்பு, கழுத்தில் மாதா பதக்கம். "அருளப்பு. வள்ளம் வைச்சுத் தொழில் செய்யிறவன்" என்று சிவபாதம் சொன்னான். அருளப்பு வீட்டை நெடுநேரம் பார்த்தார்.

"மாஸ்டர், வெள்ளை நல்ல வடிவாயிருந்தது" என்றார்.

"இது இன்னும் வடிவெல்லோ?"

"ஓம், வடிவுதான். ஆனா வெள்ளை வெள்ளைதான்."

இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் வந்தார். இந்த முறை என்னிடமே வந்து, "ஐயா, உந்தப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. வீட்டுக்கு உள்பக்கம் அடிச்சா இன்னும் குளிர்ச்சி" என்றார். எனக்குச் சுரீரென்றது. முப்பது வருஷமாகக் கலர் விற்கிறவனுக்கு மீன் பிடிக்கிறவர் வகுப்பெடுக்கிறார்.

மூன்றாம் நாள் சுண்ணாம்பு வாளியோடு வந்துவிட்டார். "கூலி வேண்டாம் ஐயா. சுண்ணாம்பும் என்ரை. கடல்பக்கச் சுவர் ஒண்டை மட்டும் வெள்ளையாக்கி விடட்டோ?"

"யோவ், என்னய்யா நெனச்சுக்கிட்டிருக்க?" என்று கத்தினேன். "என் தொழில்ல வந்து கை வைக்கிறியா? நான் என்னைக்காவது உன் வலையில ஓட்டை போட்டேனா?"

அருளப்பு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். பைத்தியக்காரன் என்று நினைத்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பது அப்போது தெரியவில்லை.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெல்லிப்பழையில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். சம்பந்தி கந்தையா பெரிய மீசை, பெரிய குரல், பெரிய பசி. கல்யாணத்தன்று மரக்கறிச் சாப்பாடுதான். ஆனால் அங்கே நாலாஞ்சடங்கு என்று ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு நாலாம் நாள் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மீனும் இறைச்சியுமாக விருந்து வைக்க வேண்டும். பாயசம் குடித்துக்கொண்டே கந்தையா அதற்கு அடிபோட்டார்.

"சம்பந்தி, அறுக்குளா எல்லாரும் தருவினம். பார்ச்சூரை எண்டு ஒண்டு சின்ன வயசிலை சாப்பிட்டனான். அந்த ருசி இன்னும் நாக்கிலை நிக்குது."

அறுக்குளா என்றால் நம் ஊர் வஞ்சிரம். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்கிறார்கள். அங்கே கூடி மேயும் மஞ்சள் செட்டைச் சூரை தனி ருசியாம். சிவபாதம் சும்மா இருந்திருக்கலாம். நூறு பேர் நடுவே எழுந்து நின்று, "நாலாஞ்சடங்குக்கு இவ்வளவு பெரிய சூரை உங்கடை இலைக்கு முன்னாலை கிடக்கும்" என்று இரண்டு கையையும் விரித்தான். கந்தையா லேசுப்பட்டவரா? "கையை அப்பிடியே வைச்சிருங்கோ" என்று சொல்லி, தன் சாணால் அளந்து, "ஆறு சாண். எல்லாரும் கேட்டியளே?" என்றார். சபையே கைதட்டியது. என் நண்பன் கை விரித்தபடி கோவில் சிலை மாதிரி நின்றான்.

அடுத்த நாள் அருளப்புவைக் கூப்பிட்டு அனுப்பினான். அவர் வந்து தலையைச் சொறிந்தார். "ஏலாது மாஸ்டர். ஒரு கிழமையா ஒரு வள்ளத்துக்கும் சூரை இல்லை."

"ஏன்? கடல் நல்லாத்தானே இருக்கு?"

"கடல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சிவபாதம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "சந்தையிலை பெரிய மீன் வாங்கலாம். ஆனா பார்ச்சூரை எண்டு சொன்னனே மச்சான்! முதல் விருந்திலையே பொய் சொன்ன வீடு எண்டு பேர் வந்தா, என்ரை பிள்ளை அந்தக் குடும்பத்துக்குள்ளை எப்பிடித் தலைநிமிர்ந்து இருக்கிறது?" என்றான். குரல் உடைந்தது. எனக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. இந்த அருளப்பு பெயிண்ட் கோபத்தில்தான் மீன் பிடிக்க மாட்டேன் என்கிறார் என்று நான் தீர்மானித்தேன். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "நாளைக்கு நீங்க கடலுக்குப் போறீங்க. நானும் வர்றேன். எப்படிச் சூரை இல்லாமப் போகுதுன்னு பார்த்துடலாம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "வாங்கோ ஐயா, கட்டாயம் வாங்கோ" என்றார். அந்த மலர்ச்சியின் அர்த்தம் எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

மதுரையில் மீன் என்றால் எங்களுக்கு அயிரை. விரல் நகம் அளவு. ஒரு கை அள்ளிப் போட்டால் குழம்பு. அதைப் பிடிக்கக் கண்மாயில் முழங்கால் நனைந்தால் போதும். இங்கே விடியும் முன்பே வள்ளத்தில் ஏற்றி, மிசினை முடுக்கி, கரை கோடாகிற தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டார் அருளப்பு. கிளம்பும் முன் சாப்பிட்ட இடியப்பம் நான்கும் வந்த வழியே போயின. "மீனுக்குச் சாப்பாடு வைக்கிறியள், நல்லது" என்றார் அவர்.

பிறகு தொழில் தொடங்கியது. வலை இல்லை, இரை இல்லை. ஒரு சாண் நீள ஈயக்கட்டி, மீன் வடிவத்தில் அவரே வார்த்தது, மணலில் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். வாலில் பெரிய தூண்டில் முள், அதன் அடியில் கொஞ்சம் சேவல் இறகு. அதை நைலான் கயிற்றில் கட்டி, அடி தட்டும் வரை இறக்க வேண்டும். தட்டியதும் இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் உயரம், மேலே இழுத்து, வெட்டி வெட்டி இழுத்து விட வேண்டும். அடிபட்ட சின்ன மீன் துள்ளுகிறது என்று சூரை நினைத்துப் பாயுமாம். என் விரல்களில் சைக்கிள் டியூப் துண்டுகளை மாட்டிவிட்டு, "கயிறு ஓடினா விரல் மிஞ்சவேணும்" என்று விளக்கமும் தந்தார்.

வெட்டி இழுத்தேன். விட்டேன். வெட்டி இழுத்தேன். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்று வந்தது. கிணற்றில் தண்ணீர் இறைத்தால் வாளியாவது நிறையும். அருளப்பு ஈயத்தை மேலே எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். அடியில் சேறு அப்பியிருந்தது.

"பாரிலை தட்டினா ஈயத்திலை கீறல் விழும் ஐயா. இது சேத்து நிலம். சேத்திலை சூரை நிக்காது."

"அப்ப பாருக்குப் போங்களேன்!"

"அதைத்தானே ஒரு கிழமையாத் தேடுறம்."

இடம் மாற்றினோம். மறுபடியும் சேறு. மறுபடியும் மாற்றினோம். கடலில் ஒரு பாறையை எப்படியய்யா தொலைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு மனசு வெறுத்துப்போயிற்று. சரி, நடுக்கடலிலிருந்து என் கிளிப்பச்சையையாவது பார்த்து ஆறுதலடையலாம் என்று நானும் கரைப்பக்கம் திரும்பினேன்.

பனங்கூடல் தெரிந்தது. பச்சையாகத் தெரிந்தது. முழுக்கப் பச்சை.

"என்னங்க, சிவபாதம் வீட்டைக் காணோமே!" என்றேன்.

அருளப்பு மிசினை நிறுத்தினார். "என்ன சொன்னியள்?"

"வீட்டைக் காணோம்! மாடி வீடுங்க! இவ்வளவு தூரத்துக்கு வெள்ளையா இருந்தாப் பளிச்சினு..."

சொல்லச் சொல்ல என் வாய் தானாகவே நின்றுவிட்டது. அருளப்பு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது. "மாதாவே! நான் ஒண்டும் சொல்லேல்லை. ஐயா தானாக் கண்டவர்."

விஷயம் இதுதான். நடுக்கடலில் பார் இருக்கும் இடத்துக்குப் பலகையா நட்டு வைக்க முடியும்? கரையிலிருக்கும் இரண்டு பொருளை ஒன்றுக்கு நேரே ஒன்று வரும்படி பிடித்துக்கொண்டே போக வேண்டும். போகும் வழியில் ஈயத்தை இறக்கிப் பார்த்தால் ஓரிடத்தில் பாறை தட்டும். அதில் ஒரு பொருள் சிவபாதத்தின் வெள்ளைச் சுவர். அவன் அப்பா காலத்திலிருந்து. ஆனால் இந்தக் குறியை வெளியாளிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. சொன்னால் பார் கைவிட்டுவிடும் என்று நம்புகிறார்கள். வீட்டுக்காரனுக்கே சொல்ல மாட்டார்கள். அதனால்தான் மனுஷன் மூன்று நாள் படலையில் நின்று வெள்ளையின் அழகைப் பாடியிருக்கிறார். அவர் வலையில் ஓட்டை போட்டேனா என்று கேட்டேனே, நான் கடலையே களவெடுத்திருந்தேன். எனக்கு வந்த வெட்கத்தில் தண்ணீரில் குதித்திருப்பேன், நீச்சல் தெரியாது.

"மன்னிச்சிருங்க அண்ணே. இப்பவே சிவபாதத்துகிட்ட சொல்லி..."

"சொல்லக்கூடாது! உங்கடை ஊர் அம்மாள்மேலை சத்தியம் பண்ணுங்கோ. என்னெண்டாலும் செய்யுங்கோ, காரணம் மட்டும் சொல்லக்கூடாது."

மீனாட்சிமேல் சத்தியம் செய்தேன்.

கரைக்கு வந்ததும் முயற்சி தொடங்கினேன். "சிவபாதம், கடல்பக்கச் சுவருக்கு மட்டும் வெள்ளை அடிச்சா எப்படி இருக்கும்?" என்றேன். "உனக்கு வெயில் பட்டிட்டுது" என்றான். "சம்பந்தியே இந்தப் பச்சையை மெச்சினவர். நாளைக்கு விருந்து. இண்டைக்குச் சுண்ணாம்பு நாத்தமோ?" எதைச் சொன்னாலும் கேட்கவில்லை. காரணமில்லாமல் ஒரு கணக்கு வாத்தியாரை அசைக்க முடியுமா?

சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. கல்யாணத்துக்கு வந்த உறவினர்களின் வேட்டிகள், விரிப்புகள், என்னுடையது இரண்டு, எல்லாவற்றையும் கிணற்றடியில் நனைத்தேன். மாடியின் கடல்பக்கக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். மொத்தம் பதினாறு. புவனேஸ்வரி மாடிக்கு வந்து பார்த்துத் திகைத்தாள்.

"என்ன அண்ணை, பொழுதுபடுற நேரத்திலை ஆராவது உடுப்புக் காயப்போடுவினமோ?"

"எங்க ஊர் வழக்கம் தங்கச்சி. நாலாஞ்சடங்குக்கு முதல் நாள், பொண்ணு வீட்டு வேட்டியெல்லாம் கடலைப் பார்த்துக் காயணும். ரொம்ப விசேஷம்."

"மதுரையிலை எங்காலை கடல்?"

"அதனாலதான் அங்க யாரும் செய்யறதில்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள். கீழே போய்ச் சிவபாதத்திடம் மெதுவான குரலில் பேசியது எனக்குக் கேட்டது. "பாவம், கடலுக்குப் போன நேரத்திலை இருந்து ஒரு மாதிரி இருக்கிறார்."

விடிந்தபோது நானும் அருளப்புவும் கடலில் இருந்தோம். சூரியன் எழும்பியதும் பனங்கூடலுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சிட்டது. அருளப்பு வாய்விட்டுச் சிரித்தார். வள்ளத்தை ஓட்டினார், இடம் பார்த்துத் திருப்பினார், நேர் பிடித்தார். மூன்றாம் தடவை ஈயத்தை இறக்கியபோது கயிறு வழியாகவே தெரிந்தது. டொக். எடுத்துப் பார்த்தால் பளபளப்பில் புத்தம் புதுக் கீறல். அந்தக் கீறலை அவர் முத்தமிட்டார். நானும் முத்தமிட்டேன்.

வெட்டி இழுத்தோம், விட்டோம். நீரோட்டம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. தள்ளத் தள்ள நேர் பார்த்துத் திரும்பி வர வேண்டும். அப்போதுதான் கவனித்தேன். வெள்ளைப் பொட்டு ஒருபக்கம் குறைந்திருந்தது.

"அண்ணே, வேட்டி குறையுது!" என்று கத்தினேன்.

விருந்து நாள். ஆண்கள் ஒவ்வொருவராகக் குளித்துவிட்டு மாடிக்குப் போய் வேட்டியை உருவுகிறார்கள்! "அது சிவபாதத்தோட மச்சானா இருக்கும், சீக்கிரம் எந்திரிப்பார்" என்றேன். இன்னும் இரண்டு போயின. அருளப்பு பேய் பிடித்தவர்போல ஈயத்தை வெட்டி இழுத்தார். நானும் இழுத்தேன். பாதி போய்விட்டது. பிறகு கால்வாசிதான் மிச்சம். "குளிக்காதீங்கடா, பாவிகளா!" என்று கரையைப் பார்த்துக் கத்தினேன். மூன்று மைல் தூரத்தில் யாருக்குக் கேட்கும்?

மிஞ்சியது என் இரண்டு வேட்டி மட்டும். மணல் துகள் அளவுக்கு ஒரு வெள்ளை. அதைப் பார்த்துத் திருப்பி, கடைசித் தடவையாக இறக்கினோம். டொக். இரண்டு பாகம் மேலே எடுத்து ஒரு வெட்டு வெட்டினேன். கயிறு என் கையில் நின்றுவிட்டது. பாறையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அடுத்த கணம் அந்தப் பாறை ஓடத் தொடங்கியது.

"விடுங்கோ! கயிறை விடுங்கோ! பிடியுங்கோ! விடுங்கோ!" என்று அருளப்பு கத்தினார். எதைச் செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் செய்தேன். டியூப் துண்டு கருகி நாறியது. சாரம் அவிழ்ந்து காலில் கிடந்தது, அதைப் பற்றி அப்போது யாருக்குக் கவலை? இருவரும் கயிற்றில் தொங்கினோம். அது கீழே இழுக்கும், நாங்கள் மேலே இழுப்போம். கடைசியில் நீலமும் வெள்ளியுமாய், மஞ்சள் செட்டை விரித்து, அது வள்ளத்துக்குள் வந்து விழுந்தபோது என் கன்னத்தில் வாலால் ஓர் அறை விட்டது. கிளிப்பச்சைக்கு அது நியாயமான தண்டனை என்று வாங்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். கரையில் வெள்ளை என்று ஒரு புள்ளிகூட இல்லை.

மத்தியானம் கந்தையாவின் இலைக்கு முன்னால் அந்த மீனின் தலை, செதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்த நீதிபதி மாதிரி இருந்தது. சமைப்பதற்கு முன்பே அவர் சாணால் அளந்துவிட்டார். ஆறரைச் சாண். சிவபாதம் என்னைப் பார்த்த பார்வையில் விடுதி அறையின் மூன்று வருஷமும் இருந்தது. மணமகள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மீனை இறக்கும்போது அருளப்பு ஒன்று சொல்லியிருந்தார். "இண்டைக்கு வேட்டி தொங்கினது ஐயா. நாளைக்கு? இருபது வள்ளத்திலை சனம் இருக்கு." அது என் காதிலேயே நின்றது. கைகழுவிவிட்டு வந்த கந்தையா வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"உந்தப் பச்சை எனக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. எங்கடை வீடு, தம்பி வீடு, புகையிலைக் கொட்டில் எல்லாத்துக்கும் அடிக்கவேணும். உங்களிட்டை எவ்வளவு இருக்கு?"

என் கடையில் ஐம்பது டப்பா இருந்தது. மூன்று வருஷமாகத் தூசி தின்று கொண்டிருந்தது. கடவுள் நேரே வந்து வரம் கேள் என்பதுபோல இருந்தது. சிவபாதம் பெருமையோடு என் தோளைத் தட்டினான். படலைக்கு வெளியே பார்த்தேன். அருளப்பு சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"வேணாங்க" என்றேன். "அது மட்டமான பெயிண்ட்."

பந்தலில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"விலை போகாத சரக்கு. அதான் இங்க கொண்டாந்தேன். ஒரு மழைக்குத் தாங்காது. அதுலயும் கடல்பக்கச் சுவர் உப்புக்காத்துல தோல் உரிஞ்ச மாதிரி வந்துடும். இப்பவே சுண்ணாம்பு அடிச்சாத்தான் சுவராவது மிஞ்சும்."

முப்பது வருஷத்தில் என் சரக்கை நானே பழித்தது அன்று ஒருநாள்தான். கந்தையா மீசையைத் தடவிக்கொண்டு வேறுபக்கம் போய்விட்டார். சிவபாதத்தின் முகம் கறுத்தது. "மட்டமான சாமானையோ என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்குக் கொண்டுவந்தனீ?" என்று மெதுவாகக் கேட்டான். அடித்திருந்தால்கூட வலித்திருக்காது. மீனாட்சி என் வாயைக் கட்டிப் போட்டிருந்தாள். சிவபாதம் படலைப்பக்கம் திரும்பி, "அருளப்பு, வா. அடி" என்றான்.

மறுநாள் கிளம்பினேன். புவனேஸ்வரி பனம்பழத்தில் செய்த பினாட்டும் மிளகாய்த்தூளும் கட்டித் தந்தாள். சிவபாதம் தட்டிவான் வரைக்கும் வந்தான், அதிகம் பேசவில்லை. அருளப்பு ஓடி வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். மதுரையில் பிரித்துப் பார்த்தேன். கீறல் விழுந்த அந்த ஈயக்கட்டி. இப்போது கடையில் கலர் அட்டைக்குமேல் கனமாக வைத்திருக்கிறேன். ஐம்பது டப்பாவும் அதன் பின்னாலேயே இருக்கிறது.

அடுத்த மாசி மாதம் சிவபாதத்திடமிருந்து கடிதம் வந்தது. "உனது வர்ணம் மூன்று சுவர்களில் ஒரு பொட்டும் உதிரவில்லை. மாரி மழை முழுக்க அடித்தது, மின்னிக்கொண்டு நிற்கிறது. நான்காவது சுவருக்கு அருளப்பு தானாகவே வந்து மறுபடி வெள்ளை அடித்துவிட்டு, ஒரு சூரையும் தந்துவிட்டுப் போனான். ஏன் என்று நான் அவனைக் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. மூன்று பக்கம் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்காதவன் என்ன கணக்கு வாத்தியார்? நீ எனக்கு மட்டமான சாமான் தரவில்லை, மச்சான்." அதைக் கடையில் உட்கார்ந்தே படித்தேன். வந்த வாடிக்கையாளரிடம் கண்ணில் தின்னர் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

பிறகு இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் தபால் நின்றுபோயிற்று. அங்கே நடப்பதைப் பத்திரிகையில் படிக்கிறபோதெல்லாம் அந்த ஒரு சுவர் நிற்கிறதா, அதற்கு வெள்ளை அடிக்க அவர் இருக்கிறாரா என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இதை எழுதி முடித்ததும் என் மனைவி படித்தாள். "மீனாட்சிமேல பண்ணின சத்தியத்தை மீறிட்டீங்களே" என்றாள். மீறவில்லை. அந்த வெள்ளைச் சுவர் எதற்கு நேரே வந்து நிற்க வேண்டும் என்று இதில் எங்காவது இருக்கிறதா, திரும்பப் படித்துப் பார் என்றேன். படித்தாள். இல்லை. இரண்டு நாளாக அது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டில் உப்புக்கூடக் குறைகிறது. சொல்லமாட்டேன்.